மிளகுக் களத்தில் மாமாவின் பாட்டு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பாட்டு ஆல்பம் போட்டவர் என் மாமா. அம்மாவின் தம்பி. பெங்களூரில் நல்ல கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர், ஒருநாள் அதை விட்டுவிட்டு, மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, வாடகை அறை ஒன்றில் கிட்டாரும் டிரம்ஸுமாக எட்டுப் பாட்டைப் பதிவு செய்துவிட்டார். இண்டி ராக் என்று அதற்குப் பெயராம். பென் டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பியிருந்தார். ஏற்காட்டுக்குப் போய் அதை வாங்கிக்கொண்டு அப்பா எங்கள் மலைக் கிராமமான மாரமங்கலத்துக்குத் திரும்பியபோது நான் பத்து வயதுப் பெண், முழுப்பரீட்சை லீவு தொடங்கி இரண்டே நாள் ஆகியிருந்தது.

அன்று மத்தியானமே டிவியில் செருகிக் கேட்டோம். முதல் பாட்டில் இரண்டு நிமிடத்துக்குக் கிட்டார் மட்டும் கிறீச்சிட்டது. அப்பா எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் ஒயரை ஆட்டிப் பார்த்தார். "இருங்க, இனிமேத்தான் தம்பி பாடுவான்" என்றாள் அம்மா. மாமா பாடத்தான் செய்தார், எங்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல வாய்க்குள்ளேயே. மூன்றாவது பாட்டோடு அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இதுக்குத்தான் மாப்ள வேலைய உட்டாப்லயா?" என்று கேட்டுவிட்டு, பலாவும் மிளகும் போட்டிருந்த எங்கள் காட்டுக்குப் போய்விட்டார். அம்மா எட்டையும் கேட்டாள். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் அது பாட்டுக்காக இல்லை. எனக்கோ, அப்பாடா, முடிந்ததே என்றிருந்தது.

அம்மா கண் கலங்கியதற்குக் காரணம் உண்டு. வீட்டில் ஒருத்தருக்காவது இந்தப் பாட்டு பிடித்தால் தொடர்வேன், இல்லையென்றால் பேசாமல் பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று மாமா அவளிடம் சொல்லியிருந்தார். சின்னதிலிருந்து அவருக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். அம்மாவுக்குத் தம்பி வேலைக்குத் திரும்பவும் வேண்டும், தம்பியின் முகம் வாடவும் கூடாது. இரண்டும் ஒன்றாக எப்படி நடக்கும்?

சாயங்காலம் மாமா போன் செய்தார். என்னைத்தான் கேட்டார். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை, பாவம். "சூப்பரா இருக்குதுங்க மாமா!" என்று கத்தினேன். எந்தப் பாட்டு பிடித்தது என்றார். அஞ்சாவது என்றேன், வாய்க்கு வந்த எண்ணை. ஏன் பிடித்தது என்றார். அம்மா கூப்பிடுவதாகச் சொல்லி போனை வைத்தேன். வைப்பதற்குள், "சேர்வராயன் நோம்பிக்கு வர்றேன் கண்ணு, நேர்ல சொல்லு" என்றது காதில் விழுந்துவிட்டது. மலைக்கோயில் திருவிழாவைத்தான் நோம்பி என்போம், அதற்கு இன்னும் நாலு வாரம்தான் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் குரங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலா பழுக்கும் காலத்தில் குரங்கை விரட்ட ஒவ்வொரு காட்டிலும் மரத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி தொங்கும். பக்கத்துக் காட்டில் நாய் குரைக்கும் சத்தம். அதற்கு அடுத்ததில் கல்யாண மேளம். மேல்காட்டு அத்தை வேறெதையும் நம்பாமல், தானே வாய்விட்டுத் திட்டி அதைப் பதிவு செய்து வைத்திருந்தார், அதற்கு மட்டும் முழுசாக இரண்டு வாரம் மரியாதை இருந்தது. மற்றதெல்லாம் நாலு நாள்தான், குரங்குகளுக்குப் பழகிவிடும். பழகியதும் காட்டுக்காரர்கள் தங்கள் சத்தத்தை அடுத்த காட்டுக்குக் கொடுத்து, அங்கிருப்பதை வாங்கி வருவார்கள்.

அந்த வாரம் அப்பாவிடம் புதுச் சத்தம் எதுவும் இல்லை. டிவியில் செருகியிருந்த பென் டிரைவைப் பார்த்தார். பிடுங்கினார். பலா மரத்துப் பெட்டியில் செருகினார். அம்மா "ஐயோ, வேண்டாமுங்க" என்று பின்னாலேயே ஓடினாள். முதல் பாட்டின் கிட்டார் கிறீச்சிட்டதுதான் தாமதம், மரத்திலிருந்த அத்தனை குரங்கும் குட்டிகளை வாரிக்கொண்டு ஓடியே போயின. அப்பா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். மாமாவின் பாட்டை அவர் முதன்முதலாகப் பாராட்டியது அப்போதுதான். "பரவால்ல, வேல செய்யுது" என்றார்.

பெட்டிக்குக் காவல் நான். பேட்டரி தீர்ந்தால் வீட்டுக்கு எடுத்துப்போய் சார்ஜ் போட்டுக் கொண்டுவர வேண்டும். எட்டுப் பாட்டும் முடிந்து மறுபடி முதலிலிருந்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை. முதல் நாள் காதில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் விரல் வலித்ததால் எடுத்துவிட்டேன். மாமா வந்து ஏன் பிடித்தது என்று கேட்பாரே, ஏதாவது ஒரு காரணமாவது கண்டுபிடிப்போம் என்று அஞ்சாவது பாட்டை மட்டும் கவனித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு மாமாமேல் கோபம்தான் வந்தது. மனுஷன் நாலு பேருக்குப் புரிகிற மாதிரி பாடினால் என்ன?

அடுத்த வாரம் ஒருநாள், அஞ்சாவது பாட்டின் நடுவில் பேட்டரி செத்துப்போனது. சனியன் ஒழிந்தது என்று எழுந்து பெட்டியைக் கழற்றினேன். கழற்றும்போதே தெரிந்தது, பாட்டு நிற்கவில்லை. எனக்குள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டிரம்ஸ் விட்டுவிட்டு வருவது, மாமா மூச்சு இழுப்பது, முனகல் என்று நான் நினைத்திருந்த இடத்தில் 'கடைசி பஸ் போனால் என்ன, கால் இருக்கு' என்று அவர் பாடுவது, எல்லாம். அதற்கப்புறம் கிட்டார் மேலே ஏறும். அது எப்படி ஏறும் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். சார்ஜ் ஏறும் மட்டும் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். "என்னாச்சு சாமி?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட எனக்குப் பொறுமை இல்லை. பாட்டு வந்தது, கிட்டார் ஏறியது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

அதற்குள் குரங்குகளுக்கும் பழகிவிட்டிருந்தது. ஒரு கிழட்டுக் கடுவன் பெட்டி தொங்கிய கிளையிலேயே உட்கார்ந்து, இரண்டாவது பாட்டு முழுவதும் பேன் பார்த்துக்கொண்டது. அப்பா பாட்டைப் பிரதி எடுத்துப் பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் கொடுத்தார். ஆனால் எங்கள் பெட்டிக்கு வேறு சத்தம் வாங்கிவரவில்லை. பெட்டியை மட்டும் இடம் மாற்றினார். முதலில் கொய்யா மரத்துக்கு. பிறகு வீட்டை ஒட்டி மிளகு காயப்போட்டிருந்த களத்துக்கு. குரங்கு இப்போது அங்கேதான் அதிகம் வருகிறது என்றார். அப்பாவுக்கு அந்த நாட்களில் களத்தில்தான் வேலை, காலிலேயே மிளகைத் தள்ளித் தள்ளிக் காயவிடுவார். எனக்கு நிழல் போய்விட்டதே என்று எரிச்சல்.

நோம்பிக்கு இரண்டு நாள் முன்பு மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாலு காடு தாண்டி நடக்க வேண்டும். களத்துக்குள் நுழைந்தவரின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "அக்கா! ஊரே எம்பாட்டக் கேக்குது! எந்தக் காட்டுல பாத்தாலும் நம்ம பாட்டுதான்!" என்றார். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. அம்மா தண்ணீர்ச் செம்போடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் சொல்வது? இன்னும் ஒரு பொய்யை என்னால் தாங்க முடியாது என்றிருந்தது.

"அது கொரங்க முடுக்கறதுக்குங்க மாமா" என்றேன்.

புரிந்ததும் பையோடு அவர் களத்து ஓரத்தில் உட்கார்ந்தார். சிரிப்பு போன முகத்தைப் பார்க்க முடியாமல், நான் எல்லாவற்றையும் கொட்டினேன். போனில் சொன்னது பொய். காதில் விரல் வைத்தது நிஜம். பேட்டரி செத்தது, பாட்டு உள்ளே ஓடியது, கிட்டார் ஏறுகிற இடம், இப்போது எட்டும் மனப்பாடம். மாமா என் தலையைத் தடவினார். "ஆறுதலுக்குச் சொல்ற, செரி போகட்டும்" என்றார். ஒருமுறை பொய் சொன்னவள் பேச்சை அவர் எப்படி நம்புவார்? நான் அழ ஆரம்பித்தேன். "அக்கா, திங்கக்கெழமையே வேலைக்கு வர்றேன்னு சொல்லிடறேன்" என்றார் அவர் அம்மாவிடம். ஆசைப்பட்டது கிடைத்தும் அம்மாவின் முகம்தான் வாடிப்போனது.

பெட்டியில் அஞ்சாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத்தான் மாமா எழுந்தார். நிறுத்தப்போனவர், காலடியில் கிடந்ததைக் குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"கண்ணு, இந்தப் பொட்டிய இங்க யாரு வெச்சது?"

"அப்பாதானுங்க. இங்கதான் கொரங்கு ஜாஸ்தியாம். பத்து நாளாச்சு. காலைல எந்திரிச்சதும் அவரே வந்து போட்டுருவாரு."

"கொரங்கு எப்பக் கண்ணு மொளகு திங்க ஆரம்பிச்சுது?"

மாமா பாட்டை நிறுத்தவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பா கொல்லைப் பக்கமிருந்து வந்தார். "வாங்க மாப்ள, எப்ப வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் களத்தில் இறங்கி மிளகைத் தள்ள ஆரம்பித்தார். மாமா அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ் நிற்கும் இடத்தில் அந்தக் கால் நின்றது. டிரம்ஸ் வந்ததும் நகர்ந்தது.

"ஏனுங்க மச்சான், கொரங்குத் தொந்தரவு நொம்பவோ?" என்று மாமா கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நொம்ப" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல்.

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அக்கா, நான் வேலைக்குப் போகல" என்றார். அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இவர்களுக்கு என்ன வந்தது என்று நான் முழித்தேன். பெரியவர்கள் எல்லாரும் அப்பாவைக் கேலி செய்கிறார்களோ என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. அவர் சொன்னதில் என்ன தப்பு? இந்தப் பத்து நாளில் களத்துப் பக்கம் நான் ஒரு குரங்கைக்கூடப் பார்க்கவில்லை. மாமாவின் பாட்டு அவ்வளவு நன்றாக வேலை செய்தது.