வெள்ளைத் துணியில் சுற்றிய கண்ணாடி

அப்பாவின் முடிவெட்டும் கடையில் ஒருவருக்கு வேலை முடிந்துவிட்டது என்பதை உள்ளறையில் இருந்தபடியே ஓசையால் அறிந்துகொள்வேன். சுவரில் ஆணியில் தொங்கும் கைக்கண்ணாடியை அவர் கழற்றும்போது அதன் பித்தளை வளையம் ஆணியில் உரசி 'டிங்' என்று ஒலிக்கும். பிறகு ஒரு கணம் அமைதி, அந்தக் கணத்தில் நாற்காலியில் இருப்பவர் தன் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கனத்த, ஓரம் சரித்து வெட்டிய பழைய கண்ணாடி அது. "என் கண்ணாடி பொய் சொல்லாது" என்பது அப்பா அடிக்கடி சொல்லும் வாக்கு.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கடைக்கு மூன்று சந்து தள்ளி ஒரு பழைய புத்த விகாரை உண்டு. வாசற்படியில் அரைவட்டக் கல்லில் யானைகளும் அன்னங்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும், மரக்கதவில் கொடிகள் ஓடும். நாங்கள் அதைப் 'புத்தர் கோயில்' என்போம். விசாக தினத்தன்று போய்க் கும்பிட்டுவிட்டு வருவோம், அவ்வளவுதான் பழக்கம். எனக்குப் பத்து வயதான ஆண்டில், அங்கிருந்த பழைய புத்தர் சிலைக்குப் புது வண்ணம் பூசுவதற்காக இலங்கையிலிருந்து ஒருவர் வந்தார். குணபால என்று பெயர். இரண்டு நாளுக்கு ஒருமுறை எங்கள் கடைக்குச் சவரத்துக்கு வருவார். அப்பா அவரை 'மாஸ்டர்' என்று அழைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் கவலையோடு வந்தார். சிலைக்கு எல்லா வேலையும் முடிந்து கண் மட்டும் பாக்கியாம். கண் எழுதுகிறவர் சிலையை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்து, தோளுக்கு மேலே தூரிகையை நீட்டி எழுத வேண்டும். அதற்கென்று அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி பெட்டிக்குள்ளேயே உடைந்துவிட்டது. இங்கே கடைகளில் பார்த்தவை எல்லாம் முகத்தைக் கொஞ்சம் நீட்டிக் காட்டின.

"என் கண்ணாடி இருக்குலா மாஸ்டர், எடுத்துக்குங்க" என்றார் அப்பா.

வாடிக்கையாக வந்து முடி வெட்டாமல் நாளிதழ் மட்டும் படிக்கும் ரயில்வே மணியம் அங்கிள் தலையை நிமிர்த்தினார். "நம்ம பின்மண்டைய பாத்துப் பாத்து அதுக்கே வெறுத்துப்போயிருக்கும். இப்பதான் ஒரு நல்ல முகத்தப் பாக்கப்போவுது."

மாஸ்டரும் சிரித்தார். பிறகு கண்ணாடியை இரு கைகளாலும் பிடித்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா கழுவுங்கோ. வெள்ளத் துணியில சுத்துங்கோ. பிறகு நாளைக்கு நான் பாக்கிற வரைக்கும் ஒரு ஆள்ட முகமும் இதில விழக் கூடாது."

அவர் போன பிறகு மணியம் அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "ஏன் தெரியுமா? வேற முகம் விழுந்துச்சின்னா எழுதுறவன் கண்ணு போயிடும். அப்படித்தான் கேள்வி."

அப்பா எலுமிச்சையும் சாம்பலும் போட்டுக் கண்ணாடியைத் தேய்த்தார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே தேய்த்தார். அம்மாவின் புது வெள்ளைத் துண்டில் சுற்றிச் சாமி அறையில் வைத்தார். அன்று கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அந்தச் செய்தியைச் சொன்னார். அப்பாவின் கடையை அதுவரை யாரும் பெரிதாக மதித்ததில்லை என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு மேல் நல்ல நேரம், அப்பாவே குளித்துவிட்டுக் கண்ணாடியைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஆனால் பத்து மணிக்கே விகாரையிலிருந்து ஓர் ஆள் வந்து, உடனே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் நாற்காலியில் ஒருவர் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தார். தலைமுடி பட்ட கையால் அதைத் தொடக் கூடாது என்று அப்பா உறுதியாக இருந்தார். அம்மாவுக்கும் அன்று சாமி அறைக்குள் போக முடியாத நாள். நான் அப்போதுதான் தலைக்குக் குளித்து, ஈர நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தேன். "நீ கொண்டுபோ. நேரா போ. யார்கிட்டயும் பேசாத" என்றார் அப்பா. யாரிடமும் பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம் என்று நினைத்திருப்பார்.

இரண்டாவது சந்தின் முனையில் பூ விற்கும் ஆன்டி என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "என்ன பாப்பா, மூக்குல ரத்தமா வழியுது?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முடியிலிருந்து சொட்டிய நீரில் குங்குமம் கரைந்து மூக்கு வரை ஓடியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த முகத்தோடு அத்தனை பேர் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்ற ஒரே நினைப்புதான். விகாரையின் மதில் ஓரம் ஒதுங்கினேன். முடிவெட்டுபவர் வீட்டுப் பிள்ளை நான். முகத்தில் ஏதாவது என்றால் கை தானாகக் கண்ணாடியைத் தேடும். துணியை விலக்கி, முகத்தைப் பார்த்து, விரலால் துடைத்துக்கொண்டேன்.

துடைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

கண்ணாடியின் நடுவில் குங்குமம் சிறு துளியாக விழுந்திருந்தது. விரலால் தேய்த்தேன், இழுபட்டது. துண்டின் உள்பக்கத்தால் அழுத்தித் துடைத்தேன். மறுபடி சுற்றினேன். உள்ளே போய் மாஸ்டரிடம் நீட்டியபோது துண்டு குலைந்திருந்ததை அவர் பார்த்தார். வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போனார். கொடி செதுக்கிய கதவு சாத்தப்பட்டது.

வெளியே பிக்குகள் ஓதினார்கள். சிறிது நேரத்தில் அப்பா வந்து சேர்ந்தார். ஈரத் தலையை வாரி, தீபாவளிச் சட்டை போட்டிருந்தார். கை கட்டி நின்றவரின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு நிமிர்வு இருந்தது. கால் மணி நேரத்தில் முடியும் என்றார்கள். அரை மணி ஆயிற்று. பக்கத்தில் நின்ற மணியம் அங்கிள், "என்னா இவ்ளோ நேரம்?" என்று முணுமுணுத்தார். கதவைத் தட்டிச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றும். அப்பாவின் சட்டையைப் பார்ப்பேன், நின்ற இடத்திலேயே நின்றுவிடுவேன். உள்ளே ஒருவருடைய கண் போய்க்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் நான், நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அரை மணியை இன்றுவரை எனக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

கதவு திறந்தது. மாஸ்டரின் கண்களை வெள்ளைத் துணியால் கட்டி இரண்டு பேர் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். படியில் அவர் கால் தடுக்கியது. கண் போய்விட்டது என்றே நினைத்தேன். கண்ணைக் கட்டி அழைத்து வருவது அவர்கள் வழக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கண் எழுதியவரின் முதல் பார்வை மனிதர்மேல் படக் கூடாதாம். முற்றத்தில் நீர் நிறைந்த மண்குடத்தின் முன் நிறுத்திக் கட்டை அவிழ்த்தார்கள். அவர் குடத்தைப் பார்த்தார், கையில் கொடுத்த கத்தியால் ஓங்கி அடித்து உடைத்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் சிவந்து, நீர் வழிந்தது. நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று அம்மா நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் கடைக்கு வந்தார், அன்று மாலை அவருக்கு விமானம். பள்ளி விடுமுறை என்பதால் நான் உள்ளறை வாசலில் இருந்தேன். அப்பா முடி வெட்டி முடித்து, பழக்கத்தில் ஆணியை நோக்கிக் கையை நீட்டினார். வெறும் ஆணி. கண் எழுதிய கண்ணாடி இனி மனிதருக்கு ஆகாது என்று விகாரையிலேயே வைத்துவிட்டார்கள்.

"உங்கட மகள் பாத்துச் சொல்லட்டும், பின்னால எப்பிடி இருக்கெண்டு" என்றார் மாஸ்டர்.

நான் அவர் பின்னால் போய் நின்றேன். "நல்லாருக்கு அங்கிள்."

அவர் சட்டைப் பையிலிருந்து அம்மாவின் துண்டை எடுத்தார். துவைத்து, நான்காக மடித்திருந்தது. அப்பா துடைப்பத்தை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அதை என் கையில் வைத்தார். மடிப்பின் உள்ளே, எத்தனை துவைத்தும் போகாத இளஞ்சிவப்புக் கறை. அவர் என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைப் பார்த்தார்.

"ராகு காலம்," என்றார், "ஏழு முப்பதில இருந்து ஒம்பது."

தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது, ராகு காலம் போடும் இடம் தெரியும், எண்களை மட்டும்தான் படித்தார். நாட்காட்டியின் அடியில், எறும்பு போல் சிறிதாக அச்சடித்த எண்கள் அவை.

"என்னா மாஸ்டர், இங்கிருந்தே தெரியுதா?" என்றார் அப்பா வியந்து.

"வடிவா தெரியுது" என்றார் அவர், மெதுவாக, என் பக்கம் திரும்பி.

இப்போது அந்தக் கடை இல்லை. அந்த வரிசையே இல்லை. அது இருந்த இடத்தில் எழுந்துள்ள கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கைப்பேசி விற்கிறார்கள். மணியம் அங்கிள் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாஸ்டரைப் பற்றி அதன்பின் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம்.

இந்த ஆண்டு விசாக தினத்தன்று அப்பாவைச் சக்கர நாற்காலியில் அந்த விகாரைக்கு அழைத்துப் போனேன். அவருக்கு இப்போது பார்வை மங்கல். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஓர் இளைஞனின் கையைப் பிடித்து, "தம்பி, இந்தக் கண்ண தொறந்தது என் கடைக் கண்ணாடிலா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் தரையைப் பார்த்து நின்றேன். இத்தனை ஆண்டுகளில் அந்தச் சிலையின் முகத்தை நான் ஒருமுறையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியல. நீ பாத்துச் சொல்லு. கண்ணு எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

நிமிர்ந்தேன். பாதி மூடிய நீண்ட கண்கள். ஓரத்தில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. எல்லாச் சிலைகளுக்கும் அப்படித்தான் எழுதுவார்கள், தெரியும். ஆனாலும் என் விரல் நெற்றிக்குப் போயிற்று.

"நல்லாருக்குப்பா" என்றேன்.