கிளைடருக்கு ஒரு ரிவர்ஸ் ஹாரன்

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, வில்லியனூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் நான். கடையைப் பூட்டிவிட்டு நூறடி நடந்தபின், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். இப்படிப்பட்டவனைத் தேடிப்பிடித்து, வானத்தில் பறக்கிற ஒன்றின் சக்கரத்தை ஒப்படைத்தார்கள்.

பாகூரைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் எங்கள் கிளப்பின் மண் ஓடுதளம். இருப்பது ஒரே ஒரு பயிற்சி கிளைடர் விமானம். அதற்கு எஞ்சின் கிடையாது. ஓடுதளத்தின் அந்தக் கோடியில் லாரி எஞ்சின் வைத்த வின்ச், கம்பியைச் சுருட்டி இழுக்கும். கிளைடர் காற்றாடி மாதிரி ஜிவ்வென்று ஏறிவிடும். வயிற்றுக்கடியில் ஒரே சக்கரம். ஏறியதும் அதை உள்ளே மடக்க வேண்டும், இறங்குவதற்கு முன் வெளியே தள்ள வேண்டும். இரண்டுக்கும் ஒரே கறுப்புக் கைப்பிடிதான். ஞாயிறுதோறும் அந்தச் சக்கரக் குழிக்குள் தலையை விட்டு மண்ணைத் துடைப்பதும், சக்கரம் வெளியே வந்ததும் பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்ப்பதும் என் வேலை.

பயிற்சி கொடுக்கிற சார் ஒருநாள், "சக்கரத்த வெளிய வுடாம எறங்க வந்தா கத்தற மாதிரி ஏதாச்சும் மாட்டிக் குடுப்பா" என்றார். சென்னையிலிருந்து வரும் லைசென்ஸ் இன்ஜினியர் படம் போட்டுக் கொடுத்தார். சக்கரம் உள்ளே இருக்கும்போது, இறங்குவதற்கான நீல பிரேக் கைப்பிடியை இழுத்தால் சத்தம் வரவேண்டும். என் கடையில் சும்மா கிடந்த ஷேர் ஆட்டோ ரிவர்ஸ் ஹாரனை மாட்டினேன். இன்ஜினியர் சோதித்துப் பார்த்தார். காதைத் தேய்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வின்ச் ஓட்டுவது வில்லியனூர் ஹார்டுவேர் கடை பாய். அவருக்குக் கொண்டாட்டம்.

"இன்னாபா, மேல போயி ரிவர்ஸ் எடுக்கப் போறாங்களா? பின்னால கொக்கு வருதான்னு பாத்துக்கச் சொல்லு."

அந்த மாதமே, உறுவையாற்றிலிருந்து வரும் கணக்கு டீச்சர் முதல் தடவையாகத் தனியாகப் பறக்கிற நாள் வந்தது. பயந்தது அவரில்லை, நான். சக்கரப் பூட்டை ஆறு தடவை அமுக்கிப் பார்த்தேன். "சக்கரம் ஞாபகம் இருக்கட்டும் டீச்சர்" என்று மூன்றாவது முறை சொன்னபோது அவர் கேட்டார்.

"அண்ணா, பறக்கப் போறது நானா, நீங்களா?"

கிளைடர் ஏறியது, கம்பி கழன்று விழுந்தது. டீச்சர் ஏரிப்பக்கம் வட்டமடிக்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. போன ஞாயிறு சாயந்திரம், பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று ஹாரன் ஒயரைக் கழற்றி விட்டிருந்தேன். நாலு நாள் ஓட்டாத வண்டியென்றால் எங்கள் கடையில் முதலில் செய்வது அதைத்தான். காலையில் திரும்ப மாட்டினேனா? ஒயரைப் பிடித்த கை ஞாபகம் வருகிறது. அது இந்த வாரத்துக் கையா, போன வாரத்துக் கையா என்றுதான் தெரியவில்லை.

"சார், அந்த ஹாரன் ஒயரு..."

"எறங்கத் திரும்பறாங்க. கம்முனு இரு" என்றார் சார், வாக்கிடாக்கியைக் காதிலிருந்து எடுக்காமல்.

கிளைடர் எங்களுக்கு நேராக, வெயிலுக்குள்ளிருந்து வந்தது. வயிற்றில் சக்கரம் இருக்கிறதா என்று தெரியவில்லை. வாக்கிடாக்கியில் டீச்சர், "எறங்கறேன் சார்" என்றார். அவர் குரலுக்குப் பின்னால், எங்கள் ஊர் சந்துகளில் ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்கிற அதே ஹாரன் பாட்டு.

"சக்கரம்" என்றார் சார், ஒரே வார்த்தை.

பாட்டு நின்றது. தலைக்கு மேலே கடக்கும்போது பார்த்தேன், சக்கரம் வெளியே இருந்தது. அப்படியே மண்ணைத் தொட்டு உருண்டு நின்றது.

நடந்தது இதுதான்: ஏறின சந்தோஷத்தில் டீச்சர் சக்கரத்தை மடக்கவே இல்லை. அதை மறந்து, இறங்கும் முன் வழக்கப்படி கறுப்புக் கைப்பிடியை மாற்றித் தள்ள, வெளியே இருந்தது உள்ளே போய்விட்டது. சார் டீச்சருக்குக் கை கொடுத்தார். பாய் அந்தக் கோடியிலிருந்து வாக்கிடாக்கியில், "ரிவர்ஸ் நல்லா எடுத்தாங்களா?" என்றார். நான் யாரையும் பார்க்காமல் மண்ணில் படுத்துக் குழிக்குள் தலையை விட்டேன். ஒயர் மாட்டியிருந்தது. அதற்குமேல் ஒரு சுற்று டேப் வேறு. எனக்கு டேப் சுற்றுகிற பழக்கம் இல்லை.

"நான்தாண்ணா மாட்டுனேன்." டீச்சர் பக்கத்தில் குந்தியிருந்தார். "காலைல பாத்தா தொங்கினு இருந்துது. நீங்க பூட்டையே அமுக்கினு இருந்தீங்க."

"ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமே டீச்சர்."

"சொல்லியிருந்தா இன்னிக்கி என்னைப் பறக்க வுட்டிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். விட்டிருக்க மாட்டேன். இன்னும் என்னென்ன கழன்று தொங்குகிறதோ என்று மொத்த கிளைடரையும் பிரித்துப் போட்டிருப்பேன்.