துண்டுக்கு அடியில் நாடி

அந்தக் கைக்கடிகாரம் என் கணவருடையது. ஆனால் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்தில் அது முக்கால்வாசி என் கையில்தான் கிடந்தது. ஆம்பளை வார், கடைசி ஓட்டையில் மாட்டினாலும் வளையல்களோடு சேர்ந்து லொடலொடவென்று ஆடும். மணி பார்க்க நான் அதைக் கட்டவில்லை. அதில் விநாடி முள் இருந்தது. அவர் நடக்கும்போது நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று எண்ணிப் பார்க்கத்தான் கட்டினேன்.

அவர் அரசாங்க இலாகா ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. ஒரு நாள் ஆபீஸ் மாடிப்படியில் மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்துவிட்டு, நெஞ்சு பலவீனம் என்று சொல்லி நீண்ட லீவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். லீவு முடிந்ததும் டாக்டர் மறுபடி சோதிப்பார். தேறிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தால் அவருடைய நாற்காலி அவருக்கு. இல்லாவிட்டால் அந்த வயதிலேயே பென்ஷன். காஜா பெராங்கில் வாடகை வீடு, நாலு பிள்ளைகள், கடைசி இன்னும் பால்குடி. வேலை போனால் அவருடைய அண்ணன் வீட்டுப் பின்கட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். அண்ணிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. சுதந்திரம் வரப்போகிறதென்று ஊரே மெர்டேக்கா மெர்டேக்கா என்று கொண்டாடத் தயாராகிக்கொண்டிருந்தது. எனக்கு இந்த மனுஷன் வேலைக்குத் திரும்பினால் போதும் என்றிருந்தது.

டாக்டர் தினமும் காலையில் நடக்கச் சொன்னார். மெதுவாக ஆரம்பித்து, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நடந்துகொண்டே நாடி பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். அவரையே எண்ணச் சொல்லிப் பார்த்தார்கள். இருபது வருவதற்குள் யாரிடமாவது பேச்சுக் கொடுத்து விட்டுவிடுவார். கடைசியில் அந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் ஆஸ்பத்திரி நர்ஸ் என் கையைப் பிடித்து, மூன்று விரலை எப்படி வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை என்று நாட்டு வைத்தியர்கள் சொல்வதை நான் முன்பே கேட்டிருந்தேன். மிஸ்ஸி எந்தக் கையானாலும் ஒன்றுதான் என்றாள். நான் வலது கை என்றே வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்ப்பது ஒன்று, தெருவில் பார்ப்பது வேறு. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததில்லை. பக்கத்தில் நடப்பதே அதிகம். அரையடி பின்னால் வரவேண்டும். அவருக்கோ என்னைவிடக் கூச்சம். வெளியே போகும்போதே வலது முன்கையில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். நான் அரையடி பின்னால் நடந்தபடி, துண்டுக்கு அடியில் கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொள்வேன். இன்னொரு கையில் ஆடுகிற கடிகாரத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். கண் முள்ளில், வாய் எண்ணிக்கையில், கால் எந்தக் கல்லில் இடறுகிறதோ அதில். ஊர் கண்ணுக்குப் படக் கூடாது என்று நாங்கள் பட்ட பாடு அது. படாமலா இருந்தது?

கம்போங் செட்டி வழியாகத் தெங்கேரா பக்கம் நடப்போம். செட்டி வீட்டுப் பெண் ஒருத்தி, கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக, காலையில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். எங்களைப் போலவே கோவில், விரதம், விபூதி எல்லாம் அவர்களுக்கும் உண்டு. பல தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்டதால் பேச்சு மட்டும் மலாய். ஒரு நாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“தாக்கோட் லாக்கி லாரி கா?”

புருஷன் ஓடிவிடுவான் என்று பயமா என்கிறாள். இவர் ஓடினால் எனக்குச் சந்தோஷம்தான் அக்கா, நெஞ்சு தேறிவிட்டது என்று அர்த்தம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் சிரித்தாள். இவர் காது சிவந்துபோய், துண்டை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

நடை கூடவில்லை. அதுதான் என்னைத் தின்றது. முதல் வாரங்களில் தெங்கேரா முனை வரை தாங்கிய நாடி, போகப் போகச் செட்டிக் கோவிலைத் தாண்டுவதற்குள்ளேயே நூறைத் தாண்டியது. தாண்டியதும் அவரைச் சாலையோர மதகில் உட்கார வைப்பேன். அவருக்கு எரிச்சல் வரும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, மூச்சு வாங்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்பார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேதானே மாடிப்படியில் உருண்டீர்கள் என்று நான் கத்துவேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் நிற்பேன். ஆம்பளையோடு சமமாக மதகில் உட்கார முடியாதே. நின்றபடியே மறுபடி நாடி பார்ப்பேன். அது குறைய வெகு நேரம் பிடிக்கும்.

அந்த மாதங்களில் நான் பட்ட களைப்பை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு வலிக்கிறது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, கஞ்சி வைத்து, குழந்தைக்குப் பால் கொடுத்து மூத்தவளிடம் விட்டுவிட்டு நடக்கக் கிளம்ப வேண்டும். திரும்பி வந்தால் துணி, சமையல், பிள்ளைகள். அவருக்கு உப்பில்லாமல் தனிக் குழம்பு. வாளித் தண்ணீரைத் தூக்கினால் கண் இருட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பத் தூக்குவேன். நாலு பெற்றவளுக்கு இதெல்லாம் இருப்பதுதான் என்று நானே நினைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் நோயாளி ஒருவர்தான், அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

கடைசிச் சோதனை நாள் வந்தது. தெருவெல்லாம் புதுக் கொடி. பஸ்ஸில் ஆளுக்காள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். நாடி கூடிக்கொண்டே போகிறது என்று டாக்டரிடம் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாமல் விட்டால் மறுபடி எந்தப் படியில் விழுவாரோ. ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை எதையும் முடிவு செய்யவில்லை.

டாக்டர் நம்மாள்தான், வயதானவர். இவரைப் படுக்க வைத்து, எழுப்பி, படியேறி இறங்கச் சொல்லி, நெஞ்சில் குழாய் வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு நன்றாகத் தேறிவிட்டார், வேலைக்குப் போகலாம் என்றார். என் கணவர் சட்டை போட்டுக்கொள்ளத் திரைக்குப் பின்னால் போனார். என்னால் அடக்க முடியவில்லை. இல்லை டாக்டர், தினமும் நூறைத் தாண்டுகிறது, கோவிலடி வரைகூட நடக்க முடியவில்லை என்று உண்மையைக் கொட்டிவிட்டேன். சொல்லும்போதே, நானே அவர் சோற்றில் மண்ணைப் போடுகிறேனே என்று திரைப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் தன் கையை நீட்டினார். எப்படிப் பிடித்துப் பார்ப்பீர்கள், காட்டுங்கள் என்றார். அவர் கையைத் தொடக் கூசியது. ஆனாலும் தெருவில் செய்வதுபோலவே அரையடி பின்னால் போய் நின்று மணிக்கட்டைப் பற்றினேன். அப்படிப் பின்னாலிருந்து பற்றும்போது மூன்று விரலும் வெளிப்பக்கம் போய்விடும். நரம்பின்மேல் விழுவது கட்டை விரல்தான். டாக்டர் அதைப் பார்த்தார்.

“கட்டை விரல்ல பாத்தா அந்த விரலோட துடிப்புதாம்மா கேக்கும். இத்தனை நாளும் நீங்க எண்ணினது உங்க நாடிய.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் என் இடது கையை எடுத்து, மூன்று விரலை வைத்துத் தன் கடிகாரத்தைப் பார்த்தார். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார்.

“எத்தன நாளா இப்படிக் களைப்பு?”

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. வேலை நிலைத்தது என்ற நிம்மதியா, மதகில் உட்கார வேண்டியவள் இத்தனை நாள் நின்றுகொண்டிருந்தேனே என்ற ஆத்திரமா, எனக்கே தெரியவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து வந்தவரிடம், உங்கள் வீட்டம்மாவுக்கு உடம்பில் இரத்தமே இல்லை, மாத்திரை தருகிறேன், ஓய்வு வேண்டும், இனிமேல் நீங்கள் இந்த அம்மாவுக்கு நாடி பாருங்கள் என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும்போது கட்டை விரல் விஷயத்தை நான் இவருக்கு நன்றாக விளக்கிச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே கொடிகளைப் பார்த்துக்கொண்டே ம், ம் என்றார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அந்த வருஷம் முழுக்க நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். தன் பழைய ஓட்டையில் மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அடுப்படிக்கு வந்தார். அடுப்படிக்கு வருகிற ஆளில்லை. டாக்டர் சொன்னாரே, கையைக் கொடு என்றார். ஈரத்தைத் துடைத்துவிட்டு நீட்டினேன். பெண்களுக்கு இடது கை என்பதை மறக்காமல் அதைத்தான் கேட்டு வாங்கினார். பிறகு, பின்பக்கமாக வந்து நின்று, கட்டை விரலை அழுத்தமாக வைத்து, விநாடி முள்ளைப் பார்த்து உதடு அசைய எண்ணினார். இந்தத் தடவை நடுவில் விடவேயில்லை.

“நல்லாத்தானே இருக்கு,” என்றார்.

நல்லாத்தான் இருக்கும். அது அவருடைய நாடி. விரலை மாற்றி வைக்கச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சரி என்று கையை வாங்கிக்கொண்டு உலையில் அரிசியைப் போட்டேன்.