அழுவதற்கு முன்பே கேட்டான்

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் லாரி இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். வில்லாபுரத்தில் சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே, என் மகள் பெற்ற பத்து நாள் பேரன் தண்ணி காட்டிவிட்டான்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் அவனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் கையைச் சப்பினான். பிறகு வாயைத் திறந்தபடி என் நெஞ்சுப் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"பாத்தீகளா, தாத்தாவ எப்படித் தேடுறான்!"

"பசிக்குதுப்பா, குடுங்க," என்றாள் மகள்.

"அழவே இல்ல, அதுக்குள்ள என்ன பசி? சும்மா இரு ஆத்தா."

கொஞ்ச நேரத்தில் வீறிட்டான். மகள் அறைக்குள் கொண்டுபோய்ப் பால் கொடுத்தாள். வாய் வைக்காமல் இன்னும் கத்தினான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஒனக்குப் பாலே இல்ல. டப்பாப் பவுடர் வாங்கிட்டு வாரேன்," என்று கதவுக்கு வெளியே நின்று கத்தினேன்.

"பால் இருக்குப்பா. அவன் அழாமக் கேட்டப்ப நீங்கதான் குடுக்கல," என்றாள். அவள் குரலும் அழுதது.

நெஞ்சோடு சாய்த்து அவனை அமர்த்தியிருப்பாள் போல. அழுகை நின்றது, மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது.

இந்த மகளை டப்பாப் பாலில்தான் வளர்த்தோம். அன்று என் பெண்சாதியிடம் "ஒனக்குப் பாலே இல்ல" என்று சொன்னவனும் நான்தான்.