எஞ்சினுக்கும் தீர்த்தம்

சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் சூசைதாசன் அண்ணை கையை விடுகிறார். பார்க்க வந்த வெள்ளைக்காரப் பெண்மணி "ஓ!" என்று கண்ணைப் பொத்துகிறாள். எழும்பி இறங்கும் இரும்புத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் அவர் உள்ளங்கையைச் செல்லமாகத் தட்டிவிட்டுப் போகிறது. சூடு ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் விதம் அது. பார்த்து முடிந்ததும் கையை எடுத்து விரல்களை எண்ணுவார். நாலோடு நிறுத்தி முகத்தைச் சுருக்குவார். பெண்மணி அலறிய பிறகுதான் மடக்கிய பெருவிரலை நிமிர்த்திக் காட்டுவார்.

"எனக்குக் காய்ச்சல் எண்டால் ஒருநாளும் தொட்டுப் பாராத கை," என்பார் அவர் மனைவி மேரிறோஸ் அக்கா. "அந்தக் கறள் பிடிச்சவளுக்கு மட்டும் பக்கத்திலை நிண்டு பார்க்கும்."

கறள் பிடிச்சவள் என்றது துருவேறிய 'ஹேசல்டீன்' என்ற சரக்குக் கப்பலை. இரண்டாம் உலக யுத்த நேரம் அவசரம் அவசரமாகக் கட்டியது. இப்போது கிழக்கு லண்டனில் பழைய துறையொன்றில் கட்டி நிற்கிறது. ஆட்கள் ஏறிப் பார்க்கலாம்; அவர்களுக்காகக் கட்டி நின்றபடியே எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடுவார்கள். அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, உயிரோடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் சம்பளம் இல்லாத வேலைக்காரர். நான் அங்கே சமையலறையில் தேத்தண்ணி போடுகிறவள். கர்த்தர் எனக்குக் கொடுத்த ஊழியம் அவ்வளவுதான்.

அண்ணை பாசையூர்க் கடற்கரை ஆள். இளம் வயதில் கிரேக்கக்காரரின் கப்பல்களில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டவர். பிறகு லண்டனுக்கு வந்து, பென்சன் எடுக்கும்வரை பெற்றோல் கடையில் நின்றார். இப்போது சனி ஞாயிறு இல்ஃபோர்டில் இருந்து ரயிலேறி வந்துவிடுவார். நீல ஓவரோல், கழுத்தில் துண்டு, பொக்கற்றில் ஒரு பிடி வறுத்த கச்சான், அதுதான் நிலக்கடலை. கச்சான் கோதுகளை எஞ்சின் அறையில் போடமாட்டார். மேல்தட்டில் காற்று இறங்கும் குழாய்க்குள் போடுவார். அது கப்டனின் அறையில் போய் விழும். எலி என்று நினைத்துக் கப்டன் இரண்டு தரம் பொறி வைத்தார்.

வருகிறவர்களுக்கு அவர் கதை சொல்லும் விதமே வேறு. "இதைக் கட்டினவங்கள், ஓடினால் சந்தோசம், கடலிலை மூழ்கினால் அழப்படாது எண்டுதான் கட்டினவங்கள். கோதுமை, கரி, குண்டு எல்லாம் ஒண்டாய்த்தான் வரும். மேலை நிண்டவனுக்கு வானம் தெரியும். கீழை நெருப்புக்குக் கரி வாரினவனுக்கு ஒண்டும் தெரியாது. குண்டு வந்தால் சத்தத்துக்கு முதல் தண்ணிதான் வரும். அந்தக் கீழை நிண்டவங்களிலை கனபேர் எங்கடை கறுத்தத் தோல்காரர், கண்டியளோ." பிறகு சுவரில் உள்ள ஒரு பள்ளத்தைத் தடவி, "ஜெர்மன்காரன்ரை குண்டு" என்பார். அது போன வருடம் அவர் கையில் இருந்து விழுந்த பெரிய ஸ்பானர் செய்த வேலை.

"நீங்கள் யுத்தத்தில் இருந்தீர்களா?" என்று ஒரு கிழவர் கேட்டார். அண்ணை ஆமென்று தலையாட்ட, கிழவர் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

"என்ன அண்ணை, பொய் சொல்லுறியள்?"

"எந்தச் சண்டை எண்டு அவர் கேக்கேல்லை, தங்கச்சி. நானும் சொல்லேல்லை."

வருடத்தில் ஒரு நாள்தான் ஹேசல்டீன் சனங்களை ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கிக் கடல்வாய் வரை போய்வரும். போன வருடம் நடு ஆற்றில், கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் இருமி நின்றுவிட்டது. சின்னக் கப்பலொன்று வந்து மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்து வந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அண்ணை ஒரு கிழமை முழுக்கச் சோறு சரியாகத் தின்னவில்லை என்று மேரிறோஸ் அக்கா சொன்னார்.

அதனால் இந்த வருடம் அண்ணை வோல்சிங்கம் மாதாவிடம் யாத்திரை போனபோது ஒரு போத்தல் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பூசை வைத்த சுவாமியிடம் மந்திரிப்பித்தார். சுவாமியும் வழக்கப்படி உப்புப் போட்டு மந்திரித்துக் கொடுத்தார். எங்கள் ஊர்க் கடற்கரைப் பக்கத்தில் வள்ளத்துக்கும் மோட்டருக்கும் தீர்த்தம் தெளிக்கிறது எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் அண்ணை தெளிக்கவில்லை, ஊற்றினார். ஆவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்ப வந்து விழும் தொட்டி ஒன்று உண்டு; பம்ப் தண்ணீர் எடுப்பது அதில் இருந்துதான். பயண நாள் காலமை அதற்குள்ளே அரைப் போத்தலைக் கவிழ்த்தார்.

"வெளியிலை தெளிச்சால் வெளிக்குத்தான் பிடிக்கும்," என்றார் தேத்தண்ணியோடு இறங்கி வந்த என்னிடம். "நோய் உள்ளுக்கை எல்லோ."

கொஞ்ச நேரத்தில் தலைமை எஞ்சினியர் கீத் வந்தார். முழங்கால் வலிக்காரர், பெரிய மீசை, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அந்தத் தொட்டியில் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டு மருந்து விட்டார். நல்ல தண்ணீர் என்றால் தெளிவாக நிற்கும். உப்பு இருந்தால் வெளுக்கும். அன்றைக்குக் கிளாஸ் பால் மாதிரி வெளுத்தது.

கீத்தின் முகமும் வெளுத்தது. "கடல் உப்பேறிய ஆற்றுத் தண்ணீர் உள்ளே கசிகிறது. கொதிகலனுக்கு உப்புப் போனால் சரி, முடிந்தது. நெருப்பை அணையுங்கள். இன்றைக்குப் பயணம் இல்லை."

மேலே படகுத்துறையில் சனம் தொப்பியும் சான்விச்சுமாக வரிசையில் நிற்கிறது. அண்ணை என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு ஏணியடியில் நின்று அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு எஞ்சின் அறை போச்சு. அழுத்தம் காட்டும் முள்ளு மறையும்படி செபமாலையைத் தொங்கப்போட்டதற்கு, "இன்னும் ஒருதரம் ஏதாவது செய்தால் நீ மேலே டிக்கெட் கிழிக்கத்தான்" என்று கீத் முன்னமே சொல்லியிருந்தார். சொல்லாவிட்டால் கப்பல் இந்த வருடமும் கரையில்.

அண்ணை தொண்டையைச் செருமினார். "சீஃப். நோ லீக். தட் சோல்ட், மை சோல்ட்."

அது எப்படி அவருடைய உப்பு என்று கீத்துக்கு விளங்கவில்லை. அண்ணை பொக்கற்றில் இருந்து மிச்சத் தீர்த்தத்தை எடுத்து, வேறு கிளாசில் ஊற்றி, மருந்தைத் தானே விட்டார். அதுவும் வெளுத்தது.

"இது என்ன?"

"ஹோலி வோட்டர், சீஃப்."

கீத் தொட்டியை வடித்தார், கழுவினார், புதுத் தண்ணீர் விட்டுத் திரும்பச் சோதித்தார். கிளாஸ் கண்ணாடி மாதிரி நின்றது. கசிவு இல்லை. பயணம் உண்டு.

"நீ மேலே போ," என்றார் கீத்.

அண்ணை துண்டைக் கழுத்தில் இருந்து எடுத்தார். ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டார்.

"நில். என்ன கேட்டு மன்றாடினாய்?"

"பம்ப் நிக்கக் கூடாது எண்டு. உங்கடை முழங்காலுக்கும் ஒருக்கால் சொன்னனான், சீஃப்."

கீத் மீசையைத் தடவினார். "முழங்காலுக்கு எங்கே ஊற்றினாய்?"

"அதுக்குச் செபம் மட்டும்தான்."

சிரிப்பை அடக்கக் கீத் பட்ட பாடு ஏணியடியில் நின்ற எனக்குத் தெரிந்தது. "சரி, கீழேயே நில். ஆனால் இரண்டு கையும் பொக்கற்றுக்குள். கடல்வாய் வரும்வரை ஒன்றையும் தொடக் கூடாது, தெளிக்கக் கூடாது, தொங்கவிடக் கூடாது. கை வெளியே வந்தால் நீ மேலே."

"ஓம் சீஃப். யெஸ் சீஃப்."

மேலே கயிறுகளை அவிழ்த்தார்கள். கீழே மணி அடித்தது: மெதுவாக முன்னே. கீத் ஆவிச் சக்கரத்தைத் திருப்பினார். பெரிய தண்டுகள் ஒரு பெருமூச்சோடு அசையத் தொடங்கின. இரண்டு கையும் பொக்கற்றுக்குள் பத்திரமாக இருக்க, சூசைதாசன் அண்ணை மூக்கு நுனியால் மேலே, கீழே, இடம், வலம் என்று சிலுவை போட்டார்.