பாறை மறைவில் பார்த்த நிறம்

அபுதாபி முசஃபாவில் ஒரு கட்டுமான சைட்டில் நான் சேஃப்டி ஆபீசர். கோடையில் மணிக்கு ஒரு முறை விசில் ஊதி, "பாய், பானி பியோ! ஜல்தி!" என்று தொழிலாளர்களைச் சீக்கிரம் தண்ணீர் குடிக்கச் சொல்லி விரட்டுவேன். உடம்பில் தண்ணீர் குறையக் குறைய சிறுநீர் என்ன நிறமாகும் என்று காட்டும் அட்டையை சைட் கழிப்பறைகளில் ஒட்டியதும் நான்தான்.

போன லீவில் மனைவி மும்தாஜுடன் மொரீஷியஸ் போனேன். எரிமலை வெடித்து உருவான தீவு அது. அங்கே ஒரு கறுப்புப் பாறை மலையில் ஏறக் கிளம்பியபோது அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அபுதாபி வெயில்லயே நிக்கிறவன் நான். இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று வாங்க மறுத்தேன். அவளே சுமந்து வந்தாள்.

சிலுசிலுவென்ற கடற்காற்றில் வியர்வையும் தெரியவில்லை, தாகமும் தெரியவில்லை. மூன்று மணி நேரம் ஏறிய பின் ஒரு பாறை மறைவில் ஒதுங்கினேன். சிறுநீரைப் பார்த்தேன். பால் ஊற்றாத சுலைமானி டீயின் நிறம்! என் அட்டையின் கடைசிக் கட்டம் அது. அதன் கீழே "உடனே டாக்டர்" என்று எழுதியிருக்கும்.

பதறித் திரும்பியபோது கெண்டைக்கால் சதை இழுத்து, பள்ளத்தை நோக்கிச் சாய்ந்தேன். ஓடிவந்த மும்தாஜ் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். பாட்டிலைத் திறந்து என் வாயில் வைத்தாள்.

"சைட்ல அத்தன பேர வெரட்டுறீங்களே, உங்கள வெரட்ட ஒரு ஆள் வேணுமா?"

அன்று மாலை ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

இப்போதும் விசில் ஊதுகிறேன். ஆனால் எல்லார் முன்னாலும் முதலில் நான் குடிக்கிறேன். அப்புறம்தான் கத்துகிறேன்.