த்ரீ நாட் த்ரீக்கு ஒரு முக்காலி

"நம்பரைச் சொல்லாதீக, கூட்டைக் காட்டுங்க" என்று வேதமாணிக்கம் கையை நீட்டுகிறார். காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கருப்பணன் மடியை அவிழ்த்து, சுட்டு முடிந்த காலித் தோட்டா ஒன்றை எடுத்து வைக்கிறார். வேதமாணிக்கம் அலமாரியிலிருந்து புதுத் தோட்டாவை எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்துகிறார். இரண்டின் அடிவிளிம்பையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் உறையில் போடுவார். விருதுநகர்க் கடைத்தெருவில் இருக்கிற அந்தத் தோட்டாக் கடையில் அவர் விற்பனையாளராகச் சேர்ந்த நாள் முதல் இதுதான் வழக்கம்.

கருப்பணனுக்குத் திருப்தியில்லை. "பன்னெண்டாம் நம்பரு தோட்டா வேண்டாமய்யா. கடலைக்காட்டுல எறங்குற பன்னி ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி தண்டி இருக்கு. பதினாறு குடுங்க, பெருசா."

"பதினாறுதான் சின்னது."

"அதெப்படி?"

"ஒரு ராத்தல் ஈயத்தப் பன்னெண்டு குண்டா உருட்டுனா அந்தக் குண்டு அளவு பன்னெண்டாம் நம்பரு. அதையே பதினாறா உருட்டுனா குண்டு சிறுத்துப் போவும்ல?"

கருப்பணன், கடையில் பில் எழுதும் என்னைப் பார்த்தார். எனக்கும் அன்றுதான் தெரியும். அதற்காக நான் வெட்கப்படவில்லை. இப்படி எண் வைத்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

ரைஃபிள் தோட்டா இதைவிட மோசம். ஒன்றின் எண் அங்குலக் கணக்கு, இன்னொன்று மில்லிமீட்டர். ஒன்றில் இரண்டாவது எண் அது பிறந்த வருஷம். வேறொன்றில் அது மருந்தின் எடை. "வெள்ளைக்காரன் ஒவ்வொருத்தனும் அவனவன் பிள்ளைக்கு இஷ்டத்துக்குப் பேரு வச்சிட்டுப் போயிட்டான். நாமதான் பாத்துப் பொருத்தணும்" என்பார் வேதமாணிக்கம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போட்டுப் போகும் அதே வெள்ளைச் சட்டைதான் கடையிலும். தீபாவளி சீசனில் சிவகாசி லாரிகள் லோடு ஏற்றிக்கொண்டு வாசலை அடைத்து நின்றால் மட்டும் கொஞ்சம் கோபம் வரும். "வெடிக்கடைக்காரனுக்கு இந்தத் தொல்லை இல்ல. பெரிய வெடின்னா பெரிய வெடி."

மேசைமேல் பில் தாள்கள் பறக்காமல் இருக்க ஒரு பித்தளைக் காலித் தோட்டா நிற்கும். த்ரீ நாட் த்ரீ. பட்டாளத்துச் சரக்கு, கடையில் விற்கக் கூடாது. மகன் பொன்ராஜ் ஒரு லீவில் கொண்டுவந்து கொடுத்தது. அறுபத்திரண்டில் சீனாக்காரன் சண்டைக்கு மலையேறிப் போன பொன்ராஜைக் காணவில்லை என்று தந்தி வந்து ஐந்து வருஷம் ஆகப் போகிறது. "காணோம்னுதான் போட்டிருக்கு. செத்துட்டான்னு போடலையே" என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். 

லீவில் வரும் பட்டாளத்துக்காரர்கள் வீட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா வாங்க இங்கேதான் வருவார்கள். அவர்களிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி: "தம்பிக்கு அங்க என்ன துப்பாக்கி?" த்ரீ நாட் த்ரீ என்று பதில் வந்தால், உள்ளே இருக்கும் முக்காலி வெளியே வரும், டீ வரும், பிறகு மெதுவாகப் பொன்ராஜின் பேச்சு வரும். அந்தச் சண்டையில் நம் பிள்ளைகள் தூக்கிப் போனது அதைத்தான். செவன் சிக்ஸ் டூ என்றால் அது புதுத் துப்பாக்கி. ஆளும் சண்டைக்குப் பிறகு சேர்ந்தவன். "சரி தம்பி" என்று பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார். வர வர முக்காலிக்கு வேலையே இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருவன் வந்தான். இடது கையில் இரண்டு விரல் மலைப் பனியில் மரத்துப் போய்விட்டதாம், வெட்டி எடுத்துவிட்டார்களாம். செவன் சிக்ஸ் டூ என்றான். அவனுக்கும் "சரி தம்பி"தான்.

கருப்பணன் போன பிறகு, ஆலங்குளத்திலிருந்து ஊர்க்காவலன் என்கிற சிப்பாய் வந்தான். கேள்வி கேட்கப்பட்டது. செவன் சிக்ஸ் டூ என்றான். வேதமாணிக்கம் பொட்டலத்துக்கு நூலைச் சுற்றிக்கொண்டிருக்கையில், ஊர்க்காவலன் மேசைமேல் இருந்த பித்தளைக் கூட்டை எடுத்துச் சிரித்தான்.

"அட, நம்ம பழைய ஆளு! இதச் சொமந்துக்கிட்டு எம்புட்டு மலை ஏறியிருக்கோம்."

நூல் நின்றது. "நீங்க செவன் சிக்ஸ் டூன்னுதான சொன்னீக?"

"இப்ப அதுங்கய்யா. சண்டை முடிஞ்சு கீழ வந்தப்பறம், ஒரு நா எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு இத வாங்கிக்கிட்டு அதக் குடுத்தாக. பழைய ஆளு, புது ஆளு எல்லாருக்கும் இப்ப அதுதான்."

"அங்கன... பொன்ராஜுன்னு ஒரு பையன்... விருதுநகரு..."

ஊர்க்காவலன் முகம் மாறியது. "எங்க கம்பெனியில இல்லீங்களே. வேற பக்கமா இருந்திருக்கும்." பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, போக மனமில்லாமல் போனான்.

 நம்பரைச் சொல்லாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர், தன் பிள்ளை விஷயத்தில் நம்பரை நம்பிவிட்டார்.

ஊர்க்காவலன் வைத்துவிட்டுப் போன கூட்டை எடுத்துப் பில் தாள்கள்மேல் நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த ரெண்டு வெரலு இல்லாத தம்பி, எந்த ஊருன்னு சொன்னாரு?"

அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. 

வேதமாணிக்கம் உள்ளே போய் முக்காலியைத் தூக்கி வந்தார். மேசையைத் தாண்டி வாசலுக்குக் கொண்டுபோய், பஸ் வருகிற பக்கம் பார்த்துப் போட்டு, தோள் துண்டால் அதைத் துடைத்தார்.